துப்பாக்கிக் கட்டையும் தச்சன் கணக்கும்

(ராஜகீழ்ப்பாக்கத்தில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் துப்பாக்கிக் கட்டை. இதைச் சொன்ன மாத்திரத்தில் முன்வரிசையிலுள்ள தாய்மார் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் காண்கிறேன். தேர்வேலை, கதவுநிலை வேலை, வீணைத் தண்டு கடைதல் என்று நல்ல விஷயங்கள் பல இருக்க, கொலைக் கருவியைப் பற்றி இவன் பேசுவானேன் என்று அவர்கள் எண்ணலாம். நான் வேட்டையைப் பற்றிப் பேச வரவில்லை. 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் வேட்டையை நம் தேசத்தில் முடித்துவிட்டன. நான் சொல்வது காகிதக் குறியிலும் களிமண் தட்டிலும் சுடுகின்ற விளையாட்டைப் பற்றியது. கடலூரில் 1999-ல் பிறந்த இளவேனில் வாலறிவன் என்னும் பெண் காற்றுத்துப்பாக்கியில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதையும், புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருதிவிராஜ் தொண்டைமான் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டுச் சுடும் போட்டியில் கலந்துகொண்டதையும் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். இவ்விளையாட்டில் இரும்பு எவ்வளவோ அவ்வளவு மரமும் வேண்டும்; மரம் எங்கே உண்டோ அங்கே நமக்கு வேலையுண்டு.

இதை இப்பொழுது பேசுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்துப் பட்டறைகளுக்கு இத்தகைய வேலையைக் கேட்டு வாலிபர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். நம்மவர் ஒருவரிடம் அவ்வாறு வந்த வேலை எப்படிப் போயிற்று என்பதைக் கேளுங்கள்.

கல்லூரி மாணவர் ஒருவர் காற்றுத்துப்பாக்கியொன்றைக் கொண்டுவந்து, "ஐயா, இதன் கட்டை எனக்குப் பொருந்தவில்லை, நல்ல மரத்தில் வேறு செய்து தரவேண்டும்" என்றார். நம்மவர் கை நேர்த்தியுள்ளவர். "செய்து தருகிறேன், தம்பி" என்று ஒப்புக்கொண்டார். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. இடித்த பழைய வீட்டின் தேக்கு நிலையொன்று பட்டறையில் கிடந்தது. அதை அறுத்து, பழைய கட்டையை மேலே வைத்துக் கோடிழுத்து, ஒரு மாதம் இழைத்து, கண்ணாடிபோல் மெருகேற்றிக் கொடுத்தார். பார்த்தவரெல்லாம் புகழ்ந்தார்கள். ஆனால் பையனுக்கோ பழைய கட்டை எப்படிப் பொருந்தவில்லையோ அப்படியே புதுக்கட்டையும் பொருந்தவில்லை. பழையதைப் பார்த்துத்தானே புதியது வெட்டப்பட்டது? இரண்டு மாதங் கழித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கி சரிந்து விழுந்த ஒரே அடியில் கட்டையின் கழுத்து முறிந்தது. கூலியில் பாதி வரவேயில்லை. இருவருக்கும் மனஸ்தாபம்.

இங்கே குற்றம் உளியில் இல்லை. வேலை கேட்டவருக்கு எதைச் சொல்லவேண்டுமென்று தெரியவில்லை. வேலை ஏற்றவருக்கு எதைக் கேட்கவேண்டுமென்று தெரியவில்லை. நான் சொல்லப்போவது முழுவதும் இந்தக் கேள்விகளைப் பற்றியதே.

துப்பாக்கிக் கட்டை என்பது குழலையும் விசையையும் தாங்கி, மனிதனுடைய தோளுக்கும் கன்னத்துக்கும் கைக்கும் அணைவாக நிற்கும் மரம். வட இந்தியக் கைவினைஞர் இதைக் குந்தா என்பார்கள். வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அதில் கறுத்து மினுமினுப்பது இதுதான். நாற்காலி நாலு பேர் உட்காருவதற்குப் பொது. இதுவோ செருப்பைப்போலவும் சட்டையைப்போலவும் ஓர் ஆளுக்கு உரியது. துப்பாக்கியைத் தோளில் வைத்தவுடன் கண் தானாகக் குறியின் நேர்க்கோட்டில் வந்து நிற்கவேண்டும். கழுத்தை நீட்டியோ, தலையைச் சாய்த்தோ, தோளைத் தூக்கியோ கண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியிருந்தால் அந்தக் கட்டை அந்த மனிதனுக்கு ஆகாது.

லட்சக்கணக்கில் ஒரே மாதிரியாகச் செய்யும் சர்க்கார் ஆயுதசாலைகளே இதை ஒப்புக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துக்கும் பின்னர் நம் போலீசாருக்கும் பழக்கமாயிருந்த லீ-என்பீல்டு என்னும் .303 துப்பாக்கியின் பின்கட்டை ஒரே நீளத்தில் வரவில்லை. குட்டை, சாதாரணம், நெட்டை என்று அரையரை அங்குல வித்தியாசத்தில் செய்து எழுத்துப் பொறித்து வைத்திருந்தார்கள். சிப்பாயின் கைநீளம் பார்த்து மாட்டுவார்கள். சிப்பாய்க்கே அந்தச் சலுகை உண்டென்றால், காசு கொடுத்துச் செய்விப்பவனுக்கு எவ்வளவு வேண்டும்! லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உள்ள துப்பாக்கிக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதற்கென்றே ஓர் அளவுத் துப்பாக்கி செய்துகொண்டார்கள். அதன் கட்டையில் கீல்களும் திருகுகளும் இருக்கும். வாடிக்கைக்காரர் தோளில் வைத்தபடியே நீட்டி, குறுக்கி, வளைத்து, அவருக்குப் பொருந்தும் நிலையில் நிறுத்தி அளவெடுத்துக்கொள்வார்கள். வலத்தோளில் வைத்து இடக்கண்ணால் பார்க்கவேண்டிய குறையுள்ளவர்களுக்காக ஆற்று வளைவுபோல் குறுக்கே வளைந்த கட்டைகளும் செய்திருக்கிறார்கள். விகாரமான உருவம், ஆனாலும் உபயோகிக்கிறவனுக்கு அதுவே லட்சணம்.

நாம் எடுக்கவேண்டிய முக்கிய அளவுகள் நான்கு. முதலாவது, விசையிலிருந்து தோளில் படும் இடம்வரையுள்ள நீளம். ஐரோப்பியரில் நடுத்தர உயரமுள்ள ஆண்மக்களுக்கு இது 14 அங்குலம் முதல் 14½ அங்குலம்வரை வைப்பது வழக்கம். அதைப் படத்தில் பார்த்துவிட்டு நம்மூர்ப் பையனுக்கு அப்படியே வெட்டினால், சட்டையிலும் தோளிலும் இடறி நிற்கும். முழங்கையை மடக்கி, மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, ஆள்காட்டி விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது ஒரு பழைய கைக்கணக்கு. அது தோராயமே, நின்று, தோளில் வைத்துப் பார்ப்பதுதான் நிச்சயம். இரண்டாவது, கன்னம் அணையும் மேடு பார்வைக்கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. இதில் ஒரு நூல் ஏறினாலும் இறங்கினாலும் கண் தவறிவிடும். கண்ணாடிக் குழல் பொருத்தப் போகிறாரா, வெறுங் குறிமுள்ளால் பார்க்கப் போகிறாரா என்பதை முன்னே கேட்டுக்கொள்ளவேண்டும். குழல் வைத்தால் மேடு உயரவேண்டும். மூன்றாவது, அடியின் குதி எவ்வளவு இறங்குகிறது என்பது. நெடிய கழுத்துள்ளவருக்கு அதிகம் இறங்கவேண்டும். நான்காவது, பக்கச் சாய்வு: வலக்கைக்காரருக்குக் கட்டை சற்றே வலப்புறம் ஒதுங்கவேண்டும், தோள் அகன்றவருக்கு இன்னும் சற்று அதிகம்.

வளரும் பிள்ளைகளுக்குச் செய்யும்பொழுது இன்னொரு யுக்தி உண்டு. பெண்குழந்தைக்குப் பட்டுப்பாவாடை தைக்கையில் வருஷா வருஷம் பிரித்துவிடுவதற்கென்று மடிப்பு வைத்துத் தைக்கிறோமல்லவா? அதுபோலக் கட்டையின் அடியில் நாலு நூல் கனமுள்ள மரத்துண்டுகளை அடுக்கித் திருகு வைத்துக் கொடுத்துவிட்டால், பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோருக்கு ஒரே செலவு. நமக்கும் நல்ல பெயர்.

இனி மரத்தின் விஷயத்துக்கு வருகிறேன். உலக முழுவதும் துப்பாக்கிக்காரர்கள் அக்ரோட்டு மரத்தையே தேடுவதற்குக் காரணம் அதன் அழகுமாத்திரமன்று. கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ கனம்; தூக்க எளிது. அதிர்ச்சியைத் தாங்கும், பிளவாது. ஒருமுறை ஆறிவிட்டால் கோணாது. மெல்லிய வரி கீறினாலும் விளிம்பு உதிராமல் நிற்கும். நம் தேசத்தில் அது விளைவது காசுமீரத்திலும் இமயத்தை அடுத்த வேறு சில பிரதேசங்களிலும். சிரீநகரத்து ரைனாவாரிப் பகுதியில் "பந்தூக் கார்" என்றொரு மொகல்லா இருக்கிறது. துப்பாக்கிக் கொல்லர் தெரு என்று பொருள். அங்கே குழல் செய்யும் கொல்லனும் கட்டை செய்யும் தச்சனும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்துவந்தார்கள். அக்ரோட்டு மரத்தைக் கண்டபடி வெட்டுவதைத் தடுக்க அங்கே 1969-ல் ஒரு சட்டம் ஏற்பட்டது. ஆதலால் மரம் வாங்குகிறவர் ரசீதோடு வாங்கவேண்டும்.

நம்மிடமுள்ள மரங்களில் தேக்கைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். தேக்கு கதவுக்கு ராஜா. இந்த வேலைக்கு மத்திமம். அதிலுள்ள மணற்சத்து உளியின் வாயை மழுக்கும். ரேகையோடு பிளக்கும் சுபாவமும் உண்டு. தோதகத்தி அழகும் உறுதியும் உள்ளது. ஆனால் கன அடிக்கு 24 கிலோ வரும். அரைமணி நேரம் தூக்கி நிற்பவரிடம் கேட்டால் அந்த வித்தியாசம் தெரியும். பத்து மீட்டர்ப் போட்டிக்குரிய காற்றுத்துப்பாக்கி எல்லாம் சேர்ந்து 5.5 கிலோவுக்கு மேற்படலாகாதென்று விதியிருப்பதையும் மறக்கலாகாது. அன்றியும் தோதகத்தியைக் காக்க நம் மாகாணத்தில் 1994-ல் சட்டம் இயற்றப்பட்டது. யாரோ கொடுத்தார் என்று வாங்கிப் பட்டறையில் போட்டுக்கொள்வது ஆபத்து. வேங்கை உறுதியானது, ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். கருங்காலித் துண்டு நுனிக்கு வைத்து இணைக்க அழகாயிருக்கும். இன்ன மரந்தான் என்று பிடிவாதம் வேண்டாம். இன்ன மரத்தில் இன்ன குறையுண்டு என்று வேலை கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

எந்த மரமானாலும் இரண்டு காரியங்களில் ஜாக்கிரதை வேண்டும். ஒன்று, ரேகையின் ஓட்டம். கட்டையில் மிகவும் மெலிந்த இடம் கைபிடிக்கும் கழுத்து. பலகையில் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே கழுத்து அமையும்படி கோடு போடவேண்டும். அந்தத் தேக்குக் கட்டை முறிந்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. நிலைச்சட்டத்தின் அகலத்துக்குள் எப்படியாவது அடக்கவேண்டுமென்று கோணலாக வைத்து அறுத்ததில் ரேகை கழுத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றது. அப்படிப்பட்ட கழுத்துக்கு வலிமை ஏது? பலகை பெரிதாக வேண்டும், வீணாகும் மரம் அதிகம் என்பதையும் கிரயத்தில் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

மற்றொன்று, மரம் ஆறுதல். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. கட்டைக்கு இரண்டரை அங்குலக் கனமுள்ள பலகை வேண்டும். நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே நன்றாக ஆறின பலகையும் கடலருகேயுள்ள நம் ஊருக்கு வந்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். ஆதலால் வந்தவுடன் அறுக்காமல், முனைகளுக்கு மெழுகு பூசி, பட்டறையில் நிழலான இடத்தில் படுக்கவைத்து, மாதம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதிவரவேண்டும். எடை ஏறாமலும் இறங்காமலும் நின்ற பிறகே உளி வைக்கலாம். ஐப்பசி மழையில் ஆரம்பித்து ஐப்பசியிலேயே முடித்துத் தருவதாக வாக்குக் கொடுப்பவர் சித்திரையில் விரிசலைப் பார்ப்பார்.

உலோகத்தை மரத்தில் புதைக்கும் வேலைதான் இத்தொழிலின் உயிர். இதற்கு விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின்மேல் மெல்லப் பூசி, மரத்தில் அழுத்தி எடுப்பார்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே மாத்திரம் ஒரு சுருள் எடுக்கவேண்டும். மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சுருள். இப்படி நூற்றுக்கணக்கான தடவை. அவசரக்காரன் செய்யும் வேலையன்று. நம் பெரியோர் தேர்ச் சிற்பங்களில் கொளுவு சேர்த்ததும் இதே பொறுமையில்தான். உதைப்பைத் தாங்கும் முளை மரத்தோடு முழுவதும் பொருந்தி நிற்கவேண்டும். அங்கே மயிரிழை இடைவெளியிருந்தாலும் ஒவ்வொரு வெடியும் சம்மட்டி அடியாகும். அதற்கு எதிராக, பின்புறத்து வால்தகட்டுக்குப் பின்னால் காகிதக் கனம் இடைவெளி விடவேண்டும். விடாவிட்டால் அந்தத் தகடு ஆப்பாக நின்று கழுத்தைப் பிளந்துவிடும். வில்விசைக் காற்றுத்துப்பாக்கிகள் முன்னும் பின்னுமாக இரண்டு தரம் குலுங்குவதால் திருகுகள் தளர்ந்துகொண்டே போகும். திருகு இறங்கும் துளைகளில் பித்தளைக் குழாய் வைத்து அமைத்துவிட்டால் அந்தத் தொல்லையில்லை. நம் கன்னார் சகோதரர்கள் இதைச் சிரமமின்றிச் செய்து கொடுப்பார்கள்.

பிடியில் கட்டங்கட்டமாகக் கீறும் வரிகள் அலங்காரத்துக்கென்று பலர் நினைக்கிறார்கள். வியர்த்த கை வழுக்காமலிருக்கவே அவை ஏற்பட்டன. நம் ஊர் வெயிலுக்கு மிகவும் அவசியம். மேற்பூச்சுக்கு, நாற்காலிக்கு அடிக்கும் பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் எடுத்துச் சூடு பிறக்கத் தேய்த்து, காயவிட்டு, மறுநாள் மறுபடி தேய்ப்பதே தகுந்தது. கீறல் விழுந்தாலும் வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடவேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்தவேண்டும். மரத்தூள் நிறைந்த பட்டறைக்கு இதைவிடப் பெரிய சத்துரு இல்லை.

இவ்வளவு நுட்பமான தொழில் நம்மிடையே ஏன் பழக்கத்தில் இல்லை என்று வாலிபர்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஆயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய திரித்துப்பாக்கிகளையும் அங்கே காணலாம். துப்பாக்கி என்பது ஒருவர் செய்யும் பொருளன்று. குழலும் விசையும் கொல்லன் கை. கட்டை தச்சன் கை. பூண் கன்னான் கை. பொன்வெள்ளி இழைப்பு தட்டான் கை. ஐந்தொழிலாளரில் நால்வர் ஒரு பொருளில் கூடுவது அபூர்வம். இலங்கையிலும் இப்படியே, அங்கே பழைய துப்பாக்கிகளின் அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டு, யாளியின் துதிக்கைபோல் செதுக்கப்பட்டிருக்கும். வட இந்தியக் கட்டைகளோ நேராகவும் மெலிந்தும் இருக்கும். உலகத்திலுள்ள சகலத்தையும் நம் முன்னோரே கண்டுபிடித்தார்கள் என்று சில சகோதரர்கள் மேடைகளில் பேசுவதுண்டு. வெடிமருந்தும் துப்பாக்கியும் வெளியிலிருந்து வந்தவைதாம். வந்ததைப் பார்த்து, தங்கள் கைக்கேற்பச் செய்துகொண்ட சாமர்த்தியமே நம்மவருடையது. அதுவே போதுமான பெருமை.

பிற்பாடு 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளையருக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்சு என்ற அந்தச் சட்டத்தின்கீழ் சுதேசித் துப்பாக்கித் தொழில் பெரும்பாலான இடங்களில் நசித்தது. பணக்காரர் இங்கிலாந்திலிருந்து தருவித்தார்கள். சுதந்தரத்துக்குப் பின் 1959-ல் புதிய ஆயுதச் சட்டமும், 2016-ல் புதிய விதிகளும் ஏற்பட்டன. ராணுவத் துப்பாக்கிகளில் மரம் போய்ப் பெரும்பாலும் பிளாஸ்டிக் வந்துவிட்டது. எஞ்சியிருப்பது விளையாட்டு, அதிலும் பத்து மீட்டர்ப் போட்டிக்காரர்களில் அநேகர் திருகினால் நகரும் அலுமினியக் கட்டைக்கு மாறிவிட்டார்கள். ஆனால் தட்டுச் சுடும் துப்பாக்கிகளில் இன்றும் மரந்தான். இத்தாலியில் பிரெஸ்சியா பக்கத்துப் பட்டறைகளுக்குப் போட்டிக்காரர்கள் நேரிற் சென்று, தோளில் வைத்துப் பார்த்து, சீவச்சொல்லி, மறுபடி வைத்துப் பார்த்துச் செய்துகொள்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதை ஒவ்வொருவரும் கவனமாகக் கேட்கவேண்டும். துப்பாக்கி வேலையில் தெரியாமல் கைவைத்தால் சிறை. 1959-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, லைசென்சு இல்லாமல் துப்பாக்கி செய்வதை மாத்திரமன்றி, விற்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது ஆகியவற்றையும் தடுக்கிறது. "ஆயுதம்" என்னும் சொல்லில் அதன் பாகங்களும் அடங்குமென்று 2-ஆம் பிரிவு கூறுகிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி 5-ஆம் பிரிவை மீறியவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 வருஷம். ஆயுள் வரையிலும் போகலாம். "வெறும் மரவேலைதானே ஐயா, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று எவரேனும் தோட்டாத் துப்பாக்கியைப் பட்டறையில் விட்டுச்செல்ல வந்தால், அவர் எவ்வளவு வேண்டியவராயிருந்தாலும் மறுத்துவிடுங்கள். லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் மூலமாக, அவருடைய பொறுப்பில், அவருடைய எழுத்தின்மேல் வரும் வேலையையே, அதுவும் வக்கீலைக் கேட்டுக்கொண்டு, ஏற்கவேண்டும்.

காற்றுத்துப்பாக்கியின் சங்கதி வேறு. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள காற்றுத்துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டியதில்லை என்பது 2016-ஆம் வருஷத்து விதிகளின் ஏற்பாடு. நம் பட்டறைகளுக்கு வரக்கூடிய வேலை பெரும்பாலும் இதுவே. இதிலுங்கூட, வாங்கிய ரசீதையும் விசையின் அளவைக் காட்டும் தாளையும் பார்த்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளாமல் தொடக்கூடாது. விசையைக் கூட்டித் தரும்படி யாராவது கேட்டால், அது மரவேலையன்று என்று சொல்லி வாசலைக் காட்டுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். நம்முடைய பெண்டு பிள்ளைகள் கோர்ட்டு வாசலில் நிற்பதைவிட ஒரு வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டு போவது மேல்.

வேலை ஏற்கும் முறைக்கு வருகிறேன். நம்மவரிடம் அச்சாரம் வாங்கும் பழக்கம் உண்டு. எழுதிக்கொள்ளும் பழக்கம் இல்லை. "அண்ணாச்சி பார்த்துச் செய்வார்" என்று அவர்கள் சொல்ல, "தம்பி பார்த்துக் கொடுப்பார்" என்று நாம் சொல்ல, கடைசியில் இருவரும் பாராமுகமாகிவிடுகிறோம். ஒரு தாளில், வாடிக்கைக்காரரின் நான்கு அளவுகளும், எந்தக் கை, எந்தக் கண், குழல் உண்டா இல்லையா என்பதும், மரத்தின் பெயரும், அது யார் வாங்கித் தருவது என்பதும், இத்தனை மாதம் என்பதும், பணம் எத்தனை தவணை என்பதும் எழுதி இருவரும் கையொப்பமிடவேண்டும். என் யோசனை மூன்று தவணை: மரம் எடுக்கும்பொழுது ஒன்று, உருவம் வெட்டி, மெருகு போடாத வெறுங் கட்டையாக வாடிக்கைக்காரர் தோளில் வைத்துப் பார்த்துச் சம்மதித்தபின் ஒன்று, கையில் கொடுக்கும்பொழுது ஒன்று. இந்த நடுத்தவணைதான் முக்கியம். அந்த நிலையில் இரண்டு நூல் சீவுவது ஐந்து நிமிஷ வேலை. மெருகு போட்டபின் சீவுவது ஒரு வார வேலை. முதலில் கழிவுமரத்தில், விலைகுறைந்த பலகையில், மாதிரிக் கட்டை ஒன்று வெட்டி அதில் பொருத்தம் பார்த்துக்கொள்வது இன்னும் உத்தமம். அதற்கும் கூலி கேட்கலாம், கேட்கவேண்டும்.

இங்கே வந்திருப்பவர்களில் பிள்ளைகளைச் சுடும் பயிற்சிக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டுப்பலகை அலமாரிக்குச் சதுர அடிக் கணக்கில் விலை கேட்பதுபோல் இதற்குக் கேட்காதீர்கள். மாதக்கணக்கில் மரம் ஆறும் காலமும், நூறு தடவை புகைக்கரி பூசிச் சுருள் எடுக்கும் காலமும் கூலியில் அடங்கும். பையனைத் தச்சரிடம் நேரில் அழைத்து வாருங்கள். அளவைக் கைப்பேசியில் எழுதியனுப்பாதீர்கள். அவன் போட்டிக்கு உடுத்தும் சட்டையோடு வரவேண்டும். அந்தத் தடித்த சட்டை நீளத்தில் இரண்டு மூன்று நூலை விழுங்கிவிடும்.

கருவிகளுக்குப் பணம் வேண்டுமே என்பீர்கள். 2023 செப்டம்பர் 17-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சரோடு ஆயுதம் செய்வோரும் தனியே சேர்க்கப்பட்டிருந்தார்கள். குலத்தொழிலை வலியுறுத்துவதென்று ஆட்சேபித்துத் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்காமல், 2025 ஏப்ரலில் நம் பக்கத்துக் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிற்று. இந்த வாதத்தில் எந்தப் பக்கம் சரியென்று நம் சங்கத்திலேயே இரண்டு கட்சி உண்டு. அதை இன்று கிளறப்போவதில்லை. என் மட்டில், வேறு குலத்துப் பையன் ஒருவன் வந்து புகைக்கரி பூசும் வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் கற்றுக்கொடுப்பேன். நம் பையன்கள் கேட்க வரவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். எந்தத் திட்டமானாலும் மனுப் பாரம் பூர்த்தி செய்யத் தெரியாதவர்களுக்கு நம் காரியதரிசி ஞாயிற்றுக்கிழமை காலையில் உதவி செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அளவுத்தாளின் மாதிரி ஒன்று எழுதிக்கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம். மேசைமேல் இரண்டு மரத்துண்டுகள் வைத்திருக்கிறேன்: ஒன்றில் ரேகை கழுத்தோடு ஓடுகிறது; மற்றொன்றில் குறுக்கே போகிறது. இரண்டையும் சபையில் சுற்றி அனுப்புகிறேன். கையால் வளைத்துப் பாருங்கள். குறுக்கு ரேகையுள்ளது இந்த வரிசையைத் தாண்டுவதற்குள் ஒடியும் என்று நினைக்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் இப்பொழுதே கேட்கலாம்.